ஏர் ஃபில்டரில் 7 கோடி ஆண்டுக் கடல்! தெரியுமா?

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் கார் ஓட்டியிருக்கிறீர்களா? வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். மடிப்பு மடிப்பான அந்தத் தாளில் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது தெரியுமா? கடல்! ஆமாம், கடலேதான்! கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் அடித்தரை. சிப்பிகள் செத்து, ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை அது. அப்போது டைனோசர்கள் உயிரோடு இருந்தன! அந்தப் பாறையைத்தான் சிமெண்ட் ஆலைகள் வெட்டுகின்றன. லாரிகள் சுமக்கின்றன. வழியில் சிந்தியதை டயர்கள் அரைக்கின்றன. உங்கள் சொகுசு எஸ்.யூ.வி. அதை மூச்சோடு சேர்த்து இழுக்கிறது!

எவ்வளவு மூச்சு? கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? 3.2 லிட்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், டர்போ ஊதித் தள்ளுவதைச் சேர்க்காமலே 3,200 லிட்டர் காற்று உள்ளே போகும். ஒரு நிமிடத்தில்! பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். 1,44,000 லிட்டர்! ஒரு மனிதர் நாள் முழுக்க இழுக்கும் மூச்சு சுமார் 11,000 லிட்டர்தான். உங்களுடைய 13 நாள் மூச்சை உங்கள் வண்டி ஒரே ஓட்டத்தில் இழுத்துவிடுகிறது!

இன்னொன்று கேளுங்கள். ஒரே ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? ஏறத்தாழ 10,000 லிட்டர்! நாம் காசு கொடுத்து வாங்குவது டீசல். ஆனால் எஞ்சின் பெரும்பாலும் தின்பது காற்று!

அப்படியானால் ஏர் ஃபில்டரைக் கவனிக்க ஷோரூம் தேதி வரும்வரை காத்திருக்கலாமா? கூடாது! பல வண்டிகளில் நாலைந்து கிளிப்பையோ ஸ்குருவையோ கழற்றினால் பெட்டி திறந்துவிடும். பத்து நிமிட வேலை! தாள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தரையில் ஓங்கித் தட்டவும் கூடாது. காற்று அடிப்பதானால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, மெதுவாக, தள்ளி நின்று அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் அடித்தால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துவிடும்!

வண்டியோடு வந்த கையேட்டைக் கடைசிவரை புரட்டியிருக்கிறீர்களா? பல கம்பெனிக் கையேடுகளில் தூசி மிகுந்த ஊர்களுக்கென்றே தனி சர்வீஸ் அட்டவணை இருக்கும்! ஃபில்டரையும் ஆயிலையும் சீக்கிரம் மாற்றச் சொல்லும் அட்டவணை அது. அரியலூரின் டி.என்.61 வண்டிகள் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். சென்னை அண்ணா சாலையில் ஓடும் வண்டிக்குச் சொன்ன கெடு கல்லங்குறிச்சி ரோட்டில் ஓடும் வண்டிக்கு எப்படிப் பொருந்தும்?

ஏசி குளிர்ச்சி குறைந்துவிட்டதா? கேஸ் ஏற்ற ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள். எஞ்சினுக்கு மட்டுமல்ல, உள்ளே அமரும் உங்களுக்கும் ஓர் ஏர் ஃபில்டர் இருக்கிறது! பெரும்பாலான வண்டிகளில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கும். பல வண்டிகளில் அதைக் கழற்ற ஸ்குரூடிரைவர்கூடத் தேவையில்லை! அது அடைத்துக்கொண்டால் எந்தச் சொகுசு ஏசியும் திணறும்.

தலைமுடியைவிட மெல்லிய கவசம்!

பளபளக்கும் பெயிண்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. எவ்வளவு தடிமன் தெரியுமா? பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்! ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியின் பளபளப்பெல்லாம் முடியைவிட மெல்லிய அந்தத் தோலில்தான் இருக்கிறது! அதன்மேல் மண் படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன ஆகும்? சாலை மண்ணில் குவார்ட்ஸ் இருக்கும். கனிமங்களின் கடினத்தன்மைக்கான மோஸ் அளவில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடிக்கே ஐந்தரைதான்! கீறாமல் விடுமா? முதலில் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து இறக்குங்கள். துணி பிறகுதான்.

சுண்ணாம்புக்கல் தூசியாவது தண்ணீரில் போய்விடும். சிமெண்ட் தூசி? அது தண்ணீர் பட்டால் இறுகும் பொருள்! இரவெல்லாம் படிந்த சிமெண்ட் தூசியில் விடியற்காலைப் பனி இறங்கினால், உங்கள் பானட்டின் மேலேயே குட்டிக் குட்டியாகக் கான்கிரீட் போட்டதாக ஆகிவிடும்! சுரண்டவே சுரண்டாதீர்கள். சாதாரண வினிகரில் தண்ணீர் கலந்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டு, கறையின் மேல் நனைத்து வையுங்கள். மெல்லிய அமிலம் அந்தச் சுண்ணச் சத்தைக் கரைத்துவிடும். பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சமையலறை வினிகர், சிமெண்டைக் கரைக்கிறது!

காரும் டயரும் ஒரே ரோட்டில்!

பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மகிமை தெரியுமா? இதே ரோட்டில் சென்னைப் பக்கம் போனால் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டி வரும். 2007 முதல் அங்கே பி.எம்.டபிள்யூ. கார்கள் பொருத்தப்படுகின்றன. எக்ஸ்5 போன்ற ஜெர்மன் சொகுசு எஸ்.யூ.வி.கள் அங்கிருந்துதான் வெளியே வருகின்றன! இன்னும் கொஞ்சம் போனால் மறைமலைநகர். ஃபோர்டு எண்டெவர் பிறந்த ஊர்! இந்தப் பக்கம் பெரம்பலூர் தாண்டித் திருச்சி நோக்கி வந்தால் நாரணமங்கலம். அங்கே எம்.ஆர்.எஃப். டயர் ஆலை! வண்டி ஒரு முனையில், டயர் மறுமுனையில், நடுவில் ஒரே ரோடு!

எம்.ஆர்.எஃப். முதலில் என்ன செய்தது தெரியுமா? பலூன்! 1946இல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை சென்னை திருவொற்றியூரில் ஆரம்பித்தது குழந்தைகள் விளையாடும் பலூன் தயாரிக்கும் பட்டறை. 2023 ஜூனில் அதே கம்பெனியின் ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச் சந்தையில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் பங்கு அது!

10 நிமிடம் தாண்டினால் ஆபத்து!

2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்த நாள். பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று கம்பெனி சொன்னாலும், எண்டெவர் வைத்திருந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. ஆனால் நடந்தது என்ன? பலரும் அதை விற்கவில்லை! ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள். தங்கள் வண்டியைத் தாங்களே படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வண்டியின் மீது ஊர்க்காரர்கள் வைத்த பாசத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த எண்டெவரின் 3.2 லிட்டர் எஞ்சினில் எத்தனை சிலிண்டர்? நான்கா, ஆறா? ஐந்து! இங்கே ஓடும் கார்களில் அபூர்வமான எண்ணிக்கை! எஞ்சின் 144 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கும். அதனால்தான் அதன் உறுமலே தனி. 2,000 சுற்றில் நிமிடத்துக்கு 5,000 வெடிப்பு! பெரம்பலூர்–அரியலூர் முக்கால் மணி நேரப் பயணத்தில்? 2,25,000 வெடிப்புகள்! உள்ளே அமர்ந்திருக்கும் உங்களுக்குப் பாட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது!

அதற்கு எவ்வளவு எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும்? சின்னக் கார்களுக்கு மூன்று, நான்கு லிட்டர் போதும். இதற்கு ஒன்பதரை லிட்டருக்கும் மேல்!

இனிமேல் சொல்லப்போவதைத்தான் எண்டெவர் வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். பழைய ஆயிலை எவ்வளவு நேரம் வடிய விடுவீர்கள்? கடைசிச் சொட்டும் இறங்கட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவது நம் ஊர் வழக்கம். இந்த எஞ்சினில் அது கூடவே கூடாது! 10 நிமிடத்துக்குள் போல்ட்டை மாட்டிப் புது ஆயிலை ஊற்றியாக வேண்டும். ஏன்? அதிக நேரம் காலியாகக் கிடந்தால் ஆயில் பம்ப்புக்குள் இருக்கும் ஆயிலும் வடிந்துபோய், காற்று புகுந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் ஆயிலை இழுக்காது. எஞ்சின் ஆயிலே இல்லாமல் சுற்றும்! ஊரெல்லாம் நல்ல பழக்கம் என்று நினைக்கும் ஒன்று, இந்த ஒரு எஞ்சினுக்கு எமன்! அதனால் புது ஆயில், புது ஃபில்டர், வாஷர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் போல்ட்டில் கை வையுங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஆயில் பிரஷர் விளக்கு அணையவில்லையா? அந்தக் கணமே எஞ்சினை நிறுத்துங்கள்.

வடித்த பழைய ஆயிலை எங்கே ஊற்றுவீர்கள்? சாக்கடையிலா? வேலியோரமா? ஒரு லிட்டர் பழைய ஆயில் 10 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்க வல்லது! ஒரு எண்டெவர் ஆயில் மாற்றினால் ஏறத்தாழ 1 கோடி லிட்டர்! கிணற்றையும் ஏரியையும் நம்பி மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் மண் இது. பழைய டப்பாவிலேயே பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியே இல்லாத கார் இருக்கிறதா? இருக்கிறது! பல பி.எம்.டபிள்யூ. மாடல்களில் அந்தக் குச்சியே கிடையாது. திரையில் கேட்டால் கார் சொல்லும். பேட்டரியை எங்கே தேடுவீர்கள்? பல மாடல்களில் பானட்டுக்குள் இருக்காது, டிக்கித் தரைக்கடியில் இருக்கும்! புதுப் பேட்டரியை மாட்டினால் மட்டும் போதாது. “புதுப் பேட்டரி வந்திருக்கிறது” என்று ஸ்கேனர் வழியாகக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் வேண்டும்! பதிவு செய்யாவிட்டால், கிழட்டுப் பேட்டரிக்கு ஏற்றுகிற மாதிரியே புதுப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் மட்டும் போதாத காலம் இது!

நான்கு சக்கரம், ஒன்றரைத் தாள்!

இரண்டே கால் டன்னுக்கு மேல் எடையுள்ள எஸ்.யூ.வி. தரையைத் தொடும் இடம் எவ்வளவு இருக்கும்? ஊகித்துப் பாருங்கள்! 2,300 கிலோ வண்டி, டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று. கணக்குப் போட்டால் ஒரு டயருக்கு சுமார் 234 சதுர செ.மீ. நான்கும் சேர்ந்து ஒன்றரை ஏ4 தாள் அளவுதான்! உங்கள் குடும்பத்தின் உயிர் அந்த ஒன்றரைத் தாளை நம்பித்தான் 100 கி.மீ. வேகத்தில் போகிறது!

டயர் பக்கவாட்டில் 265/60 ஆர்18 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன ரகசியம்? அகலம் 265 மி.மீ. அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 159 மி.மீ. நடுவில் 18 அங்குல வீல். இந்த டயர் ஒரு சுற்றுக்கு 2.43 மீட்டர் ஓடும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்ச் சேர 12,300 சுற்றுக்கு மேல்!

கம்பீரமாக இருக்கட்டும் என்று 265/65 டயர் மாட்டினால்? ஸ்பீடாமீட்டர் ஏமாறும்! முள் 100ஐக் காட்டும்போது, பழைய டயரோடு ஒப்பிட்டால் உங்கள் வேகம் 103ஐத் தாண்டியிருக்கும். ஓடோமீட்டரும் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும்!

டயர் பிறந்த தேதி தெரியுமா? பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்! “புது டயர்” என்று கடையில் கொடுத்தால் முதலில் அதைத் தேடிப் படியுங்கள். அப்படியே டயர் பள்ளங்களுக்குள் தெரியும் குட்டி மேடுகளையும் பாருங்கள். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் சட்டப்படியே டயரின் ஆயுள் முடிந்தது!

நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் காசு கொடுக்கிறீர்களா? பங்சர் கடையில் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்! எந்தக் காற்றாக இருந்தாலும், சரியான நேரத்தில் அளப்பதுதான் முக்கியம். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 25 டிகிரி, மதியம் 41 டிகிரி என்றால் நிறுத்தி வைத்த வண்டியிலேயே ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூடிவிடும்! அளப்பது எப்போதும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்.

தண்ணீரும் தண்ணீரும்!

சுண்ணாம்புப் பாறை ஊரில் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அங்கேயும் படியும்! மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் கலக்க பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். விலை அற்பம், காப்பாற்றுவது எஞ்சினை!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், சரிதானே? ரேடியேட்டருக்குள் சரியில்லை! அங்கே மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்றழுத்தத்தைவிட 1 பார் கூடினாலே கொதிநிலை 120 டிகிரியாகிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால்? அழுத்தம் சட்டென்று விடுபட்டு, கொதிக்காமல் இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து முகத்தில் பாயும்! எஞ்சின் ஆறும்வரை கை வைக்கவே கூடாது.

பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும், தெரியுமா? மூடி மூடியே இருந்தாலும் காற்றின் ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சும்! புது டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. வெறும் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே தரநிலை எதிர்பார்க்கும் அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும்! பச்சைமலையோ ஏற்காடோ, மலையிறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாக உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது சும்மா இல்லை!

மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. எண்டெவர் 800 மி.மீ. ஆழம்வரை இறங்கலாம் என்கிறது கம்பெனி. கிட்டத்தட்ட இடுப்பளவு! ஆனால் காற்று இழுக்கும் வாயில் தண்ணீர் புகுந்துவிட்டால்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் வழிவிடாது, கனெக்டிங் ராடு வளைந்துபோகும்! நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் எண்டெவரில் பனிக்கென்று ஒரு மோடு இருக்கிறது! பெரம்பலூரில் பனிப்பொழிவுக்கு எங்கே போவது? வேண்டாம், மழை நனைத்த கரிசல் காடு போதும். வழுக்கும் தரைக்காகவே அமைத்த மோடு அது. ஆனால் ஒரு வேண்டுகோள். நான்கு சக்கரமும் இழுக்கிறதே என்று காரை கிராமப் பகுதியின் செம்மண் மேடுகளில் வண்டியை ஏற்றாதீர்கள்! கோடிக்கணக்கான ஆண்டு தப்பிப் பிழைத்த அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவச் சுருள்கள் அங்கே மேலாகவே கிடக்கும். சக்கரம் ஒரு முறை ஏறினால் போதும், தூள்! பக்கத்தில் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை, 18 மீட்டர் நீளம்! மூன்றரை எண்டெவரை வரிசையாக நிறுத்தினாலும் அதன் நீளத்துக்கு வராது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்ன அதிசயம். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள்.

கார் பேசும் மொழி!

எஞ்சின் விளக்கு எரிகிறது. என்ன கோளாறு? காரிடமே கேட்கலாம்! ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு அடிக்குள், டேஷ்போர்டுக்குக் கீழே 16 ஊசித் துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். இந்தியாவில் இந்தச் சுயசோதனை ஏற்பாட்டின் இரண்டாம் தலைமுறை 2013 ஏப்ரலில் வந்தது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண் உங்கள் போனில் வந்து நிற்கும்! பி0300 என்றால் சிலிண்டர்கள் ஒழுங்கில்லாமல் எரிகின்றன என்று பொருள். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் உலகெங்கும் ‘ஃபோர்ஸ்கேன்’ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு வண்டியின் உள் அமைப்புகளையே மாற்றுகிறார்கள்! கை வைக்கும் முன் பழைய அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்வது மட்டும் கட்டாயம்.

வெறும் கையால் பின் பிரேக் பேடு மாற்றலாமா? எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் பொதுவாக முடியாது! முதலில் சர்வீஸ் மோடுக்குப் போகும்படி காருக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். பலவந்தமாகப் பிஸ்டனை அமுக்கினால் மோட்டாரே போய்விடும்.

இங்கே மட்டும் கை வைக்காதீர்கள்!

உலகிலேயே ஆழமான கடல் பள்ளம் மரியானா அகழி. அதன் அடியில் அழுத்தம் ஏறத்தாழ 1,080 பார். உங்கள் டீசல் வண்டியின் இன்ஜெக்டர் குழாயில்? புதிய டீசல் எஞ்சின்களில் 1,600 பாரையும் தாண்டும்! உலகின் ஆழமான கடலடியைவிட அதிக அழுத்தம், நம் பானட்டுக்குக் கீழே! ஓடும் எஞ்சினில் அந்தக் குழாயைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும் அளவுக்கு ஆபத்து! டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிப்பதோடு நம் வேலை முடிந்தது.

மஞ்சள் நிற ஒயர் கண்ணில் பட்டதா? கையை எடுங்கள்! அது பொதுவாக ஏர்பேக் ஒயர். ஏர்பேக் விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. நீங்கள் கண்ணிமைக்கும் முன் அது விரிந்து முடிந்திருக்கும்! சீட் கவர் வாங்கும்போதும் கவனம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அந்த இடத்தை மூடித் தைத்த கவர் அதன் வாயை அடைத்துவிடும்.

ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும்! ரேஞ்ச் ரோவர் போன்ற ஏர் சஸ்பென்ஷன் வண்டிகள் இன்னும் மோசம். காற்று இறங்கினால் வண்டியே இறங்கிவிடும்!

மக்காச்சோளக் காட்டுப் பக்கம் நிறுத்துகிறீர்களா? எலிக்கு வெட்டுப்பல் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல் வளரும்! கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்கு வாழ்க்கையே இல்லை. கடிக்கக் கிடைப்பதோ உங்கள் சொகுசுக் காரின் ஒயர்! அறுவடை முடிந்து வயல் காலியானதும் பானட்டை அடிக்கடி திறந்து பாருங்கள். புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடுவது நம் ஊர் வைத்தியம். வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துவது அதைவிட நல்லது.

அழகு கூட்டலாம், ஆனால்…

முன்னால் பெரிய இரும்புக் கம்பி பம்பர் மாட்டினால் பாதுகாப்பா? நேர் எதிர்! 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. மோதலின் அதிர்ச்சியை ஏர்பேக் சென்சார் சரியாக உணர முடியாமல் போகலாம். எதிரே நடந்து வருபவரின் கதி இன்னும் மோசம்! கறுப்பு ஃபிலிம்? 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கண்ணாடி வழியே முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் புக வேண்டும் என்பது விதி. 2019 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு: ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றக் கூடாது! பெரம்பலூரின் டி.என்.46 ஆனாலும் அரியலூரின் டி.என்.61 ஆனாலும் வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் மாட்டலாம்? டேஷ்கேமிரா மாட்டுங்கள்! ஆனால் நம் ஊர் வெயில் தெரியுமல்லவா? வெளியே 40 டிகிரி என்றால் நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டு 70 டிகிரிகூடத் தாண்டும்! லித்தியம் பேட்டரி வைத்த கேமிரா அதில் உப்பிப் போகும். கெப்பாசிட்டர் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாகப் பழுதுபார்ப்பது உரிமையா? ஆம்! 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தையே தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு துறை!

உலகின் முதல் நெடும்பயணக் கார் ரிப்பேரைச் செய்தது யார்? ஒரு தாய்! 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு, கணவரிடம் சொல்லாமலே, அவர் கண்டுபிடித்த காரை எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார்! ஒயரின் உறை தேய்ந்தது, காலுறைப் பட்டியைச் சுற்றினார்! பிரேக் தேய்ந்தது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்தது! எரிபொருள்? மருந்துக் கடையில் வாங்கினார்!

கடைசியாக ஒன்று. பி.எஸ்.6 டீசல் வண்டியை ஊருக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டுகிறீர்களா? புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், சுமார் 600 டிகிரியில்! குட்டிக் குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடு வராது, கரி சேர்ந்து விளக்கு எரியும். மருந்து என்ன? சீரான வேகத்தில் நிற்காமல் ஓர் ஓட்டம், 20 நிமிடமாவது! பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஏறினால் சமயபுரம் சுமார் 40 கி.மீ. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள், ஃபில்டரும் சுத்தமாகியிருக்கும்!